வட்ட மேசைத் துணி

நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லும் பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை. நான் வேலை பார்க்கும் செருப்புக் கடைக்கு ஒரு நாளைக்கு நாற்பது பெண்கள் வருகிறார்கள். கால் அளவு பார்ப்பதற்குள் பாதிப் பேர் நாத்தனார் புராணத்தை ஆரம்பித்துவிடுவார்கள். நானும் ஒரு காலத்தில் அவர்களோடு சேர்ந்து பாடியவள்தான். இப்போது பாட வாய் வரவில்லை. அதற்கு என்ன காரணம் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் வேலை செய்யும் சலவைக்கூடத்தில் அவருக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். கையில் ஒரு துணி வந்தால் வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், பிறகு விசாரணை தொடங்கும். நான் புதுப்பெண்ணாக அந்த வீட்டுக்குள் நுழைந்த அன்றைக்கே எனக்கும் விசாரணை நடந்தது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தபோது அவர் மட்டும் என் ரவிக்கைக் கையைப் பார்த்தார். "இது காபி இல்ல, டீ. நேத்து பட்டிருக்கு. சோப்பு போட்டுத் தேச்சியா? தேச்சிருக்கக் கூடாது." அன்று வந்த கோபம் எனக்குப் பத்து வருடம் தாங்கியது.

மனதில் பட்டதை மறைத்துப் பேச அவருக்குத் தெரியாது. என் கல்யாண ஆல்பத்தை முழுக்கப் புரட்டிவிட்டு, "இதுல நீ நல்லா இல்ல, நேர்ல பரவாயில்ல" என்றவர் அவர். அதை ஆறுதலாகச் சொன்னதாகவே இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சலவைக்கூடம் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் நீளமான அறை. இரண்டு பெரிய இயந்திரங்கள், ஆவியில் இஸ்திரி போடும் ஒரு மேடை, ஐந்து பெண்கள். உள்ளே நுழைந்ததும் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு உணவகங்களிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மூட்டைகள் வேனில் வந்து இறங்கும். வாசலை ஒட்டிய மேசையில் ஒவ்வொரு மூட்டையாகப் பிரித்து, கறை பார்த்து, கூடை கூடையாகப் பிரித்துப் போடுவது அண்ணியின் வேலை. முட்டையும் பாலும் பச்சைத் தண்ணீருக்கு. வெண்ணெய் பட்டது, சுண்ணாம்புக் கட்டித் தூள் தூவிப் பிறகு வெந்நீருக்கு. பழச்சாறு என்றால் துணியைப் பாத்திரத்தின் மேல் இழுத்துக் கட்டி, உயரத்திலிருந்து கொதிநீரை ஊற்ற வேண்டும். "முட்டைமேல வெந்நீர் பட்டா அது துணியிலயே வெந்துடும். அப்புறம் யார் வந்தாலும் எடுக்க முடியாது" என்பார். துணியை அனுப்பிய கடைக்காரர்களையும் விடமாட்டார். துவைத்த துணியில் குண்டூசியால் சீட்டுக் குத்தி, இனி எப்படிச் செய்ய வேண்டும் என்று இரண்டு வரி எழுதி அனுப்புவார். இருபத்திரண்டு வருடமாக இதுதான் அவர் வேலை. அதில் ஒரு திங்கட்கிழமைகூட விடுப்பு எடுத்ததில்லை.

அவர் வீடு எங்கள் வீட்டு மாடி. வேலை முடிந்து வந்ததும் என்னோடு டீ குடிப்பார். ஊரில் யார் என்ன சாப்பிட்டார்கள், எவ்வளவு அவசரமாகச் சாப்பிட்டார்கள் என்பதெல்லாம் அப்போது வெளியே வரும். மூலைத் தெருவில் ஒரு சின்ன பிரெஞ்சு உணவகம் இருக்கிறது. அங்கே ஞாயிறு மட்டும் விரிக்கும் பன்னிரண்டு வெள்ளை மேசைத்துணிகள் வாராவாரம் வரும். பதினொன்று சதுரம், ஒன்றே ஒன்று வட்டம். அந்த வட்டத் துணிதான் அண்ணிக்குத் தலைவலி. ஒவ்வொரு வாரமும் அதில் ஒரே இடத்தில் முட்டை மஞ்சள் ஒரு சொட்டு காய்ந்து கிடக்கும். அதன்மேல் தட்டின் வளையம் பதிந்திருக்கும்.

"சிந்தறது தப்பில்ல. மேல தட்டை வெச்சு மூடறா பாரு, அதுதான் எனக்குப் பொறுக்கல. அப்பவே ரெண்டு சொட்டு தண்ணி விட்டிருந்தா எனக்கு அரை மணி நேரம் மிச்சம்."

பெண்தான் என்று நாப்கினில் இருந்த வெளிர் ரோஜா உதட்டுச் சாயத்தை வைத்துக் கண்டுபிடித்திருந்தார். பெயர் தெரியாத அந்த அம்மாவுக்கு நாங்கள் 'மூடிவைக்கிற மகராசி' என்று பெயர் வைத்தோம். திங்கள் சாயங்காலம் மகராசிக்கு அர்ச்சனை நடக்காமல் டீ இறங்காது.

போன வருடம் ஒரு நாள் அர்ச்சனை நின்றுபோனது. சில வாரம் கழித்து நானே கேட்டேன்.

"என்ன அண்ணி, மகராசி இப்பல்லாம் ஒழுங்காச் சாப்பிடறாங்களா?"

"இல்ல. முன்ன ஒரு சொட்டு. இப்ப மூணு நாலு, ஒண்ணு அங்க, ஒண்ணு இங்க. காபி வேற. மூடறதுக்குத் தட்டு பத்தாம நாப்கினையும் விரிச்சு வெச்சிருக்கா."

"அப்ப இன்னும் நல்லாத் திட்டலாமே."

"திட்ட மனசு வரல" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார். நானும் அதை அத்தோடு விட்டுவிட்டேன்.

அண்ணிக்கு ஒரே மகள். அவளுக்கு எட்டு வயதாகும்போது அப்பா போய்விட்டார். அதன்பின் ஒற்றை ஆளாக வளர்த்துப் பொறியாளர் ஆக்கினார் அண்ணி. அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் பையனைத் திருமணம் செய்துகொள்ள விரும்புவதாக அவள் வந்து சொன்னபோது அண்ணி ஒரு கேள்விதான் கேட்டார்: "மரியாதையாப் பேசுவானா?" பேசுவான் என்று தெரிந்ததும் சரி என்றுவிட்டார். திருமணம் முடிந்ததும் இருவரும் வேறு ஊருக்கு, பாலம் கட்டும் வேலைக்குப் போவதாக ஏற்பாடு. பையனுக்கு அம்மா மட்டும்தான், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஊரில் பாதிப் பேரின் கையெழுத்தை அடித்துத் திருத்தியவர் என்று கேள்வி.

அந்தத் தலைமையாசிரியை எங்கள் வீட்டுக்கு போன் செய்தபோது எடுத்தது நான். "உங்க நாத்தனாரைப் பாக்கணும்னு ஆசையா இருக்கு" என்று தன்மையாகத்தான் சொன்னார். அந்தக் குரலில் இருந்த சுத்தத்தைக் கேட்டதும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. யாரும் கேட்காமலே என் நாக்கு ஓடியது. "அவங்க ரொம்ப பிஸிங்க. துணி வியாபாரம். பெரிய அளவுல. உணவகங்களுக்கெல்லாம் அவங்கதான்."

மறுமுனையில் ஒரு நொடி சத்தமில்லை. பிறகு, "அப்படிங்களா" என்றார். வரும் ஞாயிறு பதினொரு மணிக்கு, தான் வாராவாரம் போகும் மூலைத் தெருப் பிரெஞ்சு உணவகத்தில் பிரன்ச் சாப்பிடலாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

நான் சொன்ன பொய்யைக் கேட்டு அண்ணி கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "கேட்டா சொல்லுவேன். கேக்கலேன்னா நானாப் போய்ச் சொல்ல மாட்டேன். பொய் மட்டும் என் வாயில வராது, அதுக்கு நீ வேற ஆளைப் பாத்துக்கோ." மகள் என்னை முறைத்த முறைப்பில் நான் இரண்டு நாள் மாடிப் பக்கமே போகவில்லை. வேலை தெரிந்து அந்த அம்மா முகம் சுளித்துவிட்டால், அல்லது நான் புளுகியது தெரிந்து குடும்பமே இப்படித்தான் என்று நினைத்துவிட்டால், அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் மண் அள்ளிப் போட்டவள் நானாகத்தான் இருப்பேன். ஞாயிறு வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிரன்ச் என்பது காலைச் சாப்பாட்டுக்கு நேரங்கழித்தும் மதியச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியும் போய் உட்காருவது. சோம்பேறிகள் கண்டுபிடித்த ஏற்பாடு என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நீலக் கதவைத் திறந்ததும் எண்ணம் மாறியது. வெண்ணெய் உருகும் வாசனையும் புதுக் காபி வாசனையும் சேர்ந்து வந்து முகத்தில் மோதின. உள்ளே பன்னிரண்டே மேசைகள்தான். ஒருவர் எழுந்தால் பக்கத்து மேசைக்காரர் நாற்காலியை நகர்த்த வேண்டும், அதற்காக யாரும் முகத்தைத் தூக்கவில்லை. கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் அன்றைய சாப்பாட்டை எழுதியிருந்தார்கள். ஜன்னலில் மெல்லிய பின்னல் திரை. எல்லா மேசையிலும் வெள்ளைத் துணி.

அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டார். பள்ளிக்கூட விழாவில் பெற்ற பிள்ளை மேடையேறுவதைப் பார்க்கிற முகம் அது. இருபத்திரண்டு வருடம் துவைத்த துணிகளை விரித்த நிலையில் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

எங்களை அழைத்துப் போய் உட்கார வைத்தது ஜன்னலோரத்து வட்ட மேசையில். தலைமையாசிரியை ஏற்கெனவே வந்து அமர்ந்திருந்தார். நரைத்த முடியை இழுத்து வாரி, வெளிர் ரோஜா உதட்டுச் சாயம் பூசியிருந்தார். அவருக்கு வலப்பக்கம் அண்ணி, எதிரே நான், இடையில் பையனும் பெண்ணும். நான் அந்த உதட்டைப் பார்த்தேன், பிறகு வட்ட மேசையைப் பார்த்தேன், பிறகு அண்ணியைப் பார்த்தேன். அண்ணி விரலால் துணியின் ஓரத்தைத் தடவி, எப்போதோ ஒரு கிழிசலுக்குத் தான் போட்ட இழைத் தையலைத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது. என்னிடம் கண்ணால், சும்மா இரு என்றார்.

சாப்பாடு வந்தது. அந்தச் சாப்பாட்டை அண்ணி ரசித்ததுபோல வேறு யாரும் ரசித்திருக்க மாட்டார்கள். ஆம்லெட் எங்கும் சிவக்காமல் வெளிர் மஞ்சளாக, கரண்டி பட்டதும் உள்ளே குழைந்து விட்டது. "இவ்வளவு வெண்ணெயா? அதான் போகவே மாட்டேங்குது" என்று என் காதில் சொல்லிவிட்டு, இன்னொரு வாய் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். குரோசான் ரொட்டியைப் பிய்த்ததும் பொடிப்பொடியாக உதிர, "இது நல்ல பிள்ளை, உதறினாப் போயிடும்" என்றார். சிவப்புப் பழ ஜாமைக் கண்டதும் பழைய எதிரியைக் கண்டதுபோல முறைத்தார், பிறகு வழித்து வழித்துச் சாப்பிட்டார். நாப்கினை மட்டும் தொடவில்லை. மடித்தது மடித்தபடி மடியில் இருக்க, பையிலிருந்து சொந்தக் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தார்.

"நாப்கின் அதுக்குத்தானே இருக்கு" என்றார் தலைமையாசிரியை.

"இருக்கட்டும்ங்க. சுத்தமா இருக்கு."

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. பையன் திருமண அழைப்பிதழ் பற்றிப் பேச்செடுத்தான். "அம்மாதான் உறைமேல கைப்பட எழுதணும்னு எனக்கு ஆசை. இப்பல்லாம் எழுதவே மாட்டேங்கறாங்க. கடைச் சீட்டுகூட போன்லதான்." அந்த அம்மா, "எனக்கும் வயசாகுதுல்ல" என்று சொல்லி வலது கையை மடிக்குக் கொண்டுபோனார்.

அப்போதுதான் நான் கவனித்தேன். அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் தூக்கினார். முட்டையை எடுக்கும்போது கரண்டி தட்டின் விளிம்பில் இரண்டு முறை மெல்லத் தட்டியது. ஒரு சொட்டு மஞ்சள் துணியில் விழுந்தது. பேச்சு மாறாமல், முகம் மாறாமல், தட்டை நகர்த்தி அதன்மேல் வைத்தார். வருடக்கணக்காகப் பழகிய லாவகம். அண்ணி அந்த இடத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

"நீங்க உங்க வேலையப் பத்திச் சொல்லுங்களேன்" என்றார் தலைமையாசிரியை, அண்ணியிடம் திரும்பி.

கேட்டால் சொல்வேன் என்றவர் அவர். "வியாபாரம்னா சும்மாவா, ஒரே அலைச்சல்" என்று நான் நடுவில் புகுந்தேன். அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து தலைமையாசிரியை கோப்பையை எடுத்தார். இந்த முறை ஒரு கையால். கை வெடவெடவென்று ஆடியது. கோப்பை கவிழ்ந்து காபி மேசை முழுக்க ஓடியது.

"அம்மா, கை ஏன் இப்படி" என்று பையன் எழுந்துவிட்டான்.

"என் முழங்கை பட்டுடுச்சு தம்பி" என்றார் அண்ணி. "இந்த மாதிரி இடத்துல உக்காந்து எனக்குப் பழக்கமில்ல. மன்னிச்சுக்கோங்க."

அண்ணியின் முழங்கை ஒரு சாண் தள்ளி இருந்தது. எதிரே உட்கார்ந்து பார்த்தவள் நான். தன் வேலையைப் பற்றி, தன் பெண்ணின் கல்யாணத்துக்காகக்கூட ஒரு பொய் சொல்ல மறுத்தவர், அரை மணி நேரத்துக்கு முன் அறிமுகமான ஒருத்திக்காகச் சட்டென்று சொல்லிவிட்டார்.

பரிமாறும் பெண் ஓடி வந்தாள். அண்ணி எழுந்து, "சோடா இருந்தா கொண்டா, ஐஸ் போடாம" என்றார். தட்டுகளை ஒதுக்கினார், சூப்புக் கிண்ணம் ஒன்றைத் துணிக்கு அடியில் நுழைத்தார். துணியின் ஓரத்தைச் சுருட்டித் தலைமையாசிரியையின் இரண்டு கையிலும் கொடுத்தார். "இதை நல்லா இழுத்துப் பிடிச்சுக்கோங்க. விடாதீங்க." இழுத்துப் பிடித்த கைகள் ஆடவில்லை. நாங்கள் எல்லோரும் அண்ணியின் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். சோடாவை ஊற்றுவதும், கைக்குட்டையால் ஒற்றுவதும், மறுபடி ஊற்றுவதுமாக இருந்தார். பழுப்பு நிறம் கண்ணெதிரே வெளுத்துக்கொண்டு வந்தது.

சமையலறையிலிருந்து முதலாளியே வெளியே வந்துவிட்டார். "விடுங்கம்மா, நாளைக்கு சலவைக்குப் போயிடும்."

"போனாலும் என்கிட்டத்தான் வரும்" என்றார் அண்ணி.

முதலாளி முழித்தார். அண்ணி கையை நிறுத்தாமல், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "கடைத்தெருவுக்குப் பின்னால இருக்கிற சலவைக்கூடத்துல கறை எடுக்கிறவ நான். இருபத்திரெண்டு வருஷமா உங்க துணியெல்லாம் என் கையிலதான் வெளுக்குது."

"முட்டைமேல வெந்நீர் ஊத்தாதேன்னு சீட்டுக் குத்தி அனுப்பறது நீங்கதானா?" என்றார் முதலாளி. "எல்லாத்தையும் சமையல்கட்டுச் சுவத்துல ஒட்டி வெச்சிருக்கேன்மா. புதுசா யார் வேலைக்கு வந்தாலும் முதல்ல அதைத்தான் படிக்கணும்." சொல்லிவிட்டு, அந்தப் பெரிய மனிதர் தலையைக் குனிந்து ஒரு வணக்கம் வைத்தார். இந்த வேலையைத்தான் நான் மறைக்கப் பார்த்தேன்.

தலைமையாசிரியை இன்னும் துணியின் ஓரத்தைப் பிடித்திருந்தார்.

"இந்த வட்டத் துணியும் உங்ககிட்டத்தான் வருமா?"

"வரும்."

"தட்டுக்கு அடியில இருக்கிறதும்?"

"அதுவும்தான்."

"எவ்வளவு நாளாத் தெரியும்?"

அண்ணி கொஞ்சம் யோசித்தார். "ஒரு வருஷமாத் தெரியும். யாருன்னு தெரியாது. கைக்கு என்னமோ ஆகுதுன்னு மட்டும் தெரியும்."

தலைமையாசிரியை துணியை விட்டார். வலது கையை எல்லோரும் பார்க்கும்படி மேசைமேல் வைத்தார். அது ஆடியது. அதை அடக்க அவர் முயலவில்லை. "அவங்க முழங்கை படல" என்று மகனிடம் சொன்னார். "என் கைதான். ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. சொன்னா நீ ஊருக்குப் போக மாட்டே, கல்யாணத்தைத் தள்ளிப் போடுவியோன்னு மறைச்சேன். தினமும் கூட இருக்கிற உனக்குத் தெரியாமப் பாத்துக்கிட்டேன். முகமே பாக்காத இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

பையன் மறுபடி உட்கார்ந்தான். அம்மாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

"டாக்டரைப் பாத்தீங்களா?" என்றார் அண்ணி.

"பயமா இருந்துச்சு."

"நாளைக்குக் காலையில போவோம். நான் கூட வர்றேன்."

"நாளைக்குத் திங்களாச்சே அண்ணி, வேன் வருமே" என்றேன் நான், புத்திகெட்டுப்போய்.

"வரட்டும். மத்த நாலு பேருக்கும் கை இருக்கு."

இனி என் முறை என்று எனக்கே தெரிந்தது. "துணி வியாபாரம்னு நான்தாங்க..." என்று இழுத்தேன். தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "பையன் முதல் நாளே சொல்லிட்டான்மா, பொண்ணோட அம்மா சலவைக்கூடத்துல இருக்காங்கன்னு. எந்தச் சலவைக்கூடம்னுதான் எனக்குத் தெரியாது. நீங்க போன்ல பேசினப்போ சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு." என் முகத்தை மூட ஒரு தட்டு கிடைக்குமா என்று பார்த்தேன்.

அதற்குள் முதலாளி புது ஆம்லெட் ஒன்றைக் கொண்டுவந்து அண்ணியின் முன்னால் வைத்தார். அண்ணி அதைப் பாதியாக்கிப் பக்கத்துத் தட்டில் வைத்தார். பிறகு மடியிலிருந்த நாப்கினைப் பிரித்து, முதல் தடவையாக வாயைத் துடைத்துக்கொண்டார்.

முழுக்கக் குணமாகாது, மருந்தில் கட்டுக்குள் வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். திருமணத் தேதியை மாற்ற வேண்டாம் என்று நாலு பேரும் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். பிள்ளைகள் ஊருக்குப் போனபின் திங்கள் சாயங்கால டீக்கு மூன்றாவது கோப்பை ஒன்று வைப்பது என்று அண்ணி சொல்லிவிட்டார்.

அடுத்த திங்களன்று எனக்குக் கடை விடுமுறை. அண்ணிக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு சலவைக்கூடத்துக்குப் போனேன். பிரெஞ்சு உணவகத்து மூட்டையை அப்போதுதான் பிரித்திருந்தார். வட்டத் துணியை விரித்தார். முட்டைத் துளி மூன்று, காபி ஒன்று. தட்டின் வளையம் எங்கும் இல்லை. ஒவ்வொரு கறையைச் சுற்றியும் துணி இன்னும் லேசாக ஈரமாக இருந்தது. ஓரத்தில் குண்டூசியால் ஒரு சீட்டுக் குத்தியிருந்தது. எழுத்துகள் மேலும் கீழும் ஏறி இறங்கி, வரி கோணலாகப் போய், தாளின் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றன.

'பச்சைத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். மூடவில்லை.'

அண்ணி சீட்டை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"நல்ல கையெழுத்து" என்றார்.

இது அண்ணியின் இரண்டாவது பொய் என்று நினைத்துச் சீட்டை வாங்கி நானும் பார்த்தேன். பொய் இல்லை.